வட்டக் குண்டமும் வட்டக் கணக்கும்

கும்பாபிஷேக காலத்தில் யாகசாலையை வலம்வந்து தரிசிக்கும் அன்பர்கள், அங்கே அக்கினி வளர்க்கப்பெறும் குண்டங்கள் யாவும் ஒரே வடிவினவாக இல்லாமையைக் கண்டிருப்பார்கள். கிழக்கில் சதுரம், தென்கிழக்கில் யோனி, தெற்கில் அர்த்தசந்திரன், தென்மேற்கில் முக்கோணம், மேற்கில் வட்டம், வடமேற்கில் அறுகோணம், வடக்கில் பத்மம், ஈசானத்தில் எண்கோணம் என எட்டுத் திக்கிற்கும் எட்டு வடிவங்கள் விதிக்கப்பட்டுள்ளன. கண்ணுக்குப் புலனாகும் வேற்றுமை இது. கண்ணுக்குப் புலனாகாத ஒற்றுமை ஒன்றும் அக்குண்டங்களுக்கு உண்டு. வடிவம் எதுவாயினும் அவற்றின் பரப்பு ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பது குண்ட இலக்கண நூல்களின் விதி. ஆஹுதிகளின் தொகைக்கு ஏற்பக் குண்டத்தின் பரப்பு வரையறுக்கப்படுகின்றதாதலின், திக்கிற்குத் திக்கு வடிவம் மாறினும் பரப்பு மாறுதல் கூடாது.

ஒரு முழக் குண்டத்தை எடுத்துக்கொள்வோம். முழம் என்பது 24 அங்குலம். (ஈண்டு அங்குலம் என்றது முழத்தில் 24-இல் ஒரு பங்கை, ஆங்கிலேயரின் இஞ்சு அன்று.) சதுர குண்டத்தின் பக்கம் 24 அங்குலமாயின் அதன் பரப்பு 576 சதுர அங்குலம். மேற்கில் அமையும் வட்டக் குண்டத்துக்கும் இதே 576 வேண்டும். அவ்வட்டத்தின் விட்டம் யாது? கயிறும் முளையும் கொண்டு வட்டம் இடப்போகும் ஸ்தபதி கேட்கும் கேள்வி இது. ‘சமம்’ என்று விதித்துவிட்டது நூல். சமமாக இட முடியுமா என்பதை ஆராயப் புகுந்தவர்களின் வரலாறு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் அதன் சுற்றளவை விட்டத்தால் வகுத்து வரும் ஈவு ஒன்றே. தேர்ச்சக்கரத்துக்கும் திருவாசிக்கும் தெப்பக்குளத்தின் நடுவே எழும் நீர்வளையத்துக்கும் அவ்வெண் மாறுவதில்லை. வேல்ஸ் நாட்டினரான வில்லியம் ஜோன்ஸ் 1706-இல் அதனைப் ‘பை’ என்னும் கிரேக்க எழுத்தாற் குறித்தார். ஆய்லர் என்னும் பெருங்கணிதர் கையாண்டபின் அக்குறி உலகெங்கும் பரவிற்று. ஆரத்தின் வர்க்கத்தைப் பையினாற் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு வரும். ஆதலின் நமது குண்டத்தின் விட்டத்தைக் காண, 576-ஐ நான்கால் பெருக்கிப் பையினால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பையின் மதிப்பு 3 என்று கொண்டால் விட்டம் 27.71 அங்குலம். பள்ளிப்பிள்ளைகள் அறிந்த 22/7 என்று கொண்டால் 27.076. ஆரியபடர் தந்த 3.1416-ஐக் கொண்டால் 27.081. பின்னிரண்டிற்கும் உள்ள வேற்றுமை ஓர் அங்குலத்தில் இருநூறில் ஒரு பங்கு அளவே. எட்டு யவம், அதாவது எட்டு வாற்கோதுமை மணியின் அகலம், ஓர் அங்குலம் என்பது பழைய அளவை. அதன்படி, 22/7 என்னும் பின்னத்தால் ஸ்தபதிக்கு நேரும் பிழை ஒரு யவத்தின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகும். செங்கல்லும் சாந்தும் கொண்டு கட்டுகிற குண்டத்தில் அதனைக் காணவல்ல கண் எவருக்கும் இல்லை. ஆயினும் பிழை பிழைதான். அதனைச் சிறிதாக்கலாமே அன்றி அறவே ஒழிக்கலாமா?

இவ்வினா யாகசாலையோடு பிறந்ததே என்று கூறலாம். வைதிக மரபில் கார்ஹபத்தியம் வட்டம், ஆஹவனீயம் சதுரம், தக்ஷிணாக்கினி அரைவட்டம். மூன்றும் சமபரப்புடையனவாதல் வேண்டும். வேள்விக் களங்களைக் கயிறு கொண்டு அளந்து இடும் முறைகளைக் கூறுவன சுல்ப சூத்திரங்கள். அவற்றுள் பழமையான பௌதாயன சுல்ப சூத்திரம், சதுரத்தை வட்டமாக்க ஓர் எளிய வழியைத் தருகின்றது. சதுரத்தின் நடுவிலிருந்து மூலைவரை கயிற்றை நீட்டி, அதனைக் கிழக்கு நோக்கித் திருப்பினால் சதுரத்தின் பக்கத்தைத் தாண்டிச் சிறிது மிகும். அம்மிகுதியில் மூன்றில் ஒரு பங்கைப் பக்கத்தின் பாதியோடு கூட்டி, அதனை ஆரமாகக் கொண்டு வட்டம் இடுக என்பது விதி.

இவ்வழியே நமது ஒரு முழக் குண்டத்தை இட்டுப் பார்ப்போம். பக்கத்தின் பாதி 12 அங்குலம். நடுவிலிருந்து மூலை 16.97 அங்குலம். மிகுதி 4.97, அதன் மூன்றில் ஒன்று 1.66. ஆரம் 13.66, விட்டம் 27.31 அங்குலம். பரப்பைக் கணக்கிட்டால் 576-க்குப் பதிலாக ஏறக்குறைய 586 வருகின்றது. நூற்றுக்கு ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவான மிகுதி. பையின் மதிப்பு இம்முறைக்குள் 3.088 என மறைந்து நிற்கின்றது. கயிற்றைத் தவிர வேறு கருவியில்லாத காலத்தில் இஃது அரிய செயலே. ஆயினும் இதனை முழு உண்மை என்று கூறுவதற்கில்லை.

இதனைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பக்தி மேலீட்டால், பையின் முழு மதிப்பும் வேதத்திலேயே அடங்கியுள்ளது என்று எழுதுவாரும் பேசுவாரும் உளர். எழுத்துக்களால் எண்களைக் குறிக்கும் கடபயாதி முறையில் முப்பதுக்கு மேற்பட்ட தானங்களைத் தரும் ஒரு கண்ணன் துதியை அதற்குச் சான்றாக எடுத்துக்காட்டுவர். அச்சுலோகம் 1965-இல் அச்சான ஒரு நூலின் வாயிலாகப் பரவியது. வேதத்தில் இன்ன இடத்தது என்று அதனைக் காட்டியவர் இலர். இத்தகைய கூற்றுக்களால் நம் முன்னோர்க்குப் புகழ் சேர்வதாக நான் எண்ணவில்லை. அவர்கள் உண்மையிற் சொன்ன சொல்லின் அருமை இதனால் மறைந்துபோகின்றது என்பதே என் வருத்தம்.

அச்சொல் ‘ஆஸன்னம்’ என்பது. ஆரியபடர் கலியுகம் 3600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்று தாமே குறித்துள்ளார், அஃது கி.பி. 499-ஆம் ஆண்டு. அவர் இயற்றிய ஆரியபடீயத்தின் கணித பாதத்தில் வட்டத்தின் கணக்கு வருகின்றது. நூற்றுடன் நான்கைக் கூட்டி, எட்டால் பெருக்கி, அறுபத்தீராயிரத்தைச் சேர்த்தால், 20,000 விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு வரும் என்கிறார். அத்தொகை 62,832. வகுத்துப் பார்த்தால் 3.1416. உண்மையான சுற்றளவு 62,831.85-ஐ ஒட்டியது, இருபதினாயிரம் விட்டத்துக்கு ஒரு முழு அலகு கூடப் பிழை இல்லை. இவ்வளவு நுட்பமாகக் கண்டவர், ‘இதுவே சுற்றளவு’ என்று முடித்திருக்கலாம். அவ்வாறு முடிக்கவில்லை. ‘ஆஸன்னம்’, அதாவது உண்மைக்கு அணித்தாயது, என்ற ஒரு சொல்லை அங்கே வைத்தார். நூல் முழுவதும் நூற்றிருபத்தொரு செய்யுட்களே. ஓரெழுத்தையும் வீணாக்காத சுருக்கம் அவருடையது. அத்தகையவர் இச்சொல்லைச் செய்யுள் நிரப்ப வைத்தார் என்று கொள்வதற்கில்லை.

அவருக்குப் பின்வந்தோருள் பிரமகுப்தர் 628-இல் எழுதிய நூலில் 3-ஐயும் பத்தின் வர்க்கமூலத்தையும் தந்தார். இஃது ஒருவகையில் பின்னடைவே. பாஸ்கராசாரியர் 1150-இல் இயற்றிய லீலாவதியில் நுட்பத்துக்கு 3927/1250 என்றும், நடைமுறைக்கு 22/7 என்றும் இரண்டைத் தந்தார். முன்னது ஆரியபடரின் பின்னமே, சுருக்கியது. கிரேக்க நாட்டில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், அவ்வெண் 22/7-க்குக் கீழும் 223/71-க்கு மேலும் உள்ளது என்று காட்டியிருந்தார். சீனத்தில் ஐந்தாம் நூற்றாண்டில் சூ சோங்சி 355/113 என்னும் மிக நுட்பமான பின்னத்தைக் கண்டார்.

தமிழ்க் கணக்காயர்களும் இதில் பின்தங்கினரல்லர். காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் வட்டத்தின் குழி காணும் விதி ஒன்று உண்டு. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குக என்பது அது. இவ்விதியில் பையும் இல்லை, பின்னமும் இல்லை. கிணற்றையோ களத்தையோ கயிற்றால் சுற்றி அளந்து, குறுக்கே அளந்து, இரண்டையும் பாதியாக்கிப் பெருக்கினால் போதும். விதி ஐயத்துக்கு இடமின்றிச் சரியானது. வட்டத்தை அப்பம் அரிவதுபோல நடுவிலிருந்து பல கூறுகளாக அரிந்து, மேலும் கீழுமாகப் பல்லொடு பல் பொருத்தி அடுக்கினால், அரைச்சுற்று நீளமும் அரைவிட்டம் அகலமும் உள்ள செவ்வகம் அமையும். கூறுகள் மெல்லியனவாக ஆக ஆக, செவ்வகம் செவ்வையாகும்.

தமிழருடைய பின்ன வாய்பாட்டினைக் கொண்டு பையை எழுதிப் பார்த்தல் இன்பம் தருவதொரு முயற்சி. அரைக்கால் என்பது 1/8, காணி 1/80, முந்திரி 1/320. ‘மூன்றே அரைக்கால், காணி, முந்திரி’ என்று எழுதினால் 3.140625 வருகின்றது. இஃது எந்நூலிலும் கண்டதன்று, யானே கூட்டிப் பார்த்தது. எனினும் 22/7-ஐக் காட்டிலும் உண்மைக்குச் சற்று நெருங்கியுள்ளது. குறைவதை நிரப்ப முந்திரியினும் நுண்ணிய கீழ்முந்திரிக்குச் செல்ல வேண்டும். முந்திரியை மீண்டும் 320-ஆல் வகுத்தது அது. ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு. இராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட நிலங்களின் கல்வெட்டுக்களில் மாவும் காணியும் முந்திரிகையும் அவற்றின் கீழ்ப்பின்னங்களும் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். அத்தகைய கீழ்முந்திரிகள் 99-ஐச் சேர்த்தால் பை ஏறக்குறைய நிரம்புகின்றது. நிரம்பியும் மிகச் சிறிதொன்று எஞ்சுகின்றது. அதனையும் வகுத்துச் சேர்த்தால் மேலும் சிறிதொன்று எஞ்சும். எத்தனை கீழ்நிலைக்குச் சென்றால் இவ்வெச்சம் தீரும்?

ஒருபோதும் தீராது என்று வெளிப்படச் சொன்னவர் கேரளத்துத் திருக்கண்டியூரைச் சேர்ந்த நீலகண்ட ஸோமயாஜி. 1444-இல் பிறந்து நூறு வயதை எட்டியவர் எனக் கருதப்படுபவர். ஸோமயாஜி என்ற பட்டமே அவர் வேள்வி செய்தவர் என்பதைக் காட்டும். தமிழ்நாட்டுச் சோதிட அறிஞரும் வாக்கிய கரணத்துக்கு உரை கண்டவருமான சுந்தரராஜர் அவரிடம் வினாக்கள் விடுத்து விடை பெற்றார் என்பது நமக்கு உவகை தரும் செய்தி. ஆரியபடீயத்துக்கு எழுதிய பாஷ்யத்தில் நீலகண்டர், ‘உள்ளபடி உள்ள அளவை விட்டு ஆசிரியர் ஏன் அணித்தானதைச் சொன்னார்?’ என்ற கேள்வியைத் தாமே எழுப்புகிறார். அவர் கூறும் விடையின் கருத்து இதுவாகும்: எந்த அளவுகோலால் விட்டம் மிச்சமின்றி அளக்கப்படுகின்றதோ, அதே கோலால் சுற்றளவை அளந்தால் மிச்சம் விழும். சுற்றளவு மிச்சமின்றி அமையும் கோலை எடுத்தால் விட்டத்தில் மிச்சம் விழும். இரண்டையும் ஒரே கோலால் மிச்சமின்றி அளத்தல் எங்கும் இயலாது. கோலை நுண்ணியதாக்கிக்கொண்டே நெடுந்தூரம் சென்றாலும் மிச்சத்தைச் சிறிதாக்கலாம். மிச்சமே இல்லாத நிலையை எய்த முடியாது.

இவ்வாறு சொன்னவர் முயற்சியில் குறைந்த மரபினர் அல்லர் என்பதை நினைவிற் கொள்க. அவருடைய ஆசிரியர் தாமோதரர். அவர் தந்தையும் ஆசிரியருமான பரமேசுவரர், பதினான்காம் நூற்றாண்டில் தோன்றிய சங்கமகிராமத்து மாதவரின் மாணவர். 4-இலிருந்து 4/3-ஐக் கழித்து, 4/5-ஐக் கூட்டி, 4/7-ஐக் கழித்து, இவ்வாறே முடிவின்றிச் செல்லும் தொடர் பையை எய்தும் என்பது மாதவரின் கண்டுபிடிப்பாகும். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இதனைக் கண்டது இரண்டரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கழித்து. தொடரைக் கூட்டிப் பாருங்கள்: 4, 2.667, 3.467, 2.895, 3.340 என்று ஊஞ்சல்போல இப்புறமும் அப்புறமும் ஆடி, மிக மெதுவாகவே நடுவை நாடும். ஆட்டத்தை அடக்க, நிறுத்துமிடத்தில் சேர்க்கத்தக்க திருத்தங்களையும் அம்மரபினர் கண்டனர். கண் என்றால் 2, அக்கினி என்றால் 3, வேதம் 4, யானை 8, நட்சத்திரம் 27, தேவர் 33 எனச் சொற்களையே எண்களாகக் கோத்து, மாதவர் ஒரு கணக்கை வைத்துச் சென்றார். 90,000 கோடி விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 2,82,743 கோடியே 33,88,233 என்பது அது. அத்துணைப் பெரிய வட்டத்தில் அவர் கணக்கு மிகுந்தது இரண்டு அலகுக்குச் சற்று மேல். இவ்வளவு எட்டியவர்களின் வழிவந்தவரே, ‘மிச்சம் தீராது’ என்றார். இயலாமையால் எழுந்த சொல்லன்று அது.

இங்கே எண்களின் வகையைச் சிறிது விளக்குதல் நலம். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுவன இயற்கை எண்கள். ஒரு முழு எண்ணை மற்றொன்றால் வகுத்து வருவன பின்னங்கள். இவற்றை விகிதமுறு எண்கள் என்பர். இவற்றைத் தசமமாக விரித்தால், ஒன்று முடிந்துவிடும், அன்றேல் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும். 22/7 என்பது 3.142857142857 என ஆறு இலக்கங்களைச் செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டிருக்கும். அஃதே பை என்று பலர் எண்ணியிருக்கின்றனர். பை அவ்வாறு சுற்றுவதில்லை. எந்தப் பின்னத்திலும் அடங்காத இத்தகைய எண்களே விகிதமுறா எண்கள்.

சதுரத்தின் மூலைவிட்டமும் இவ்வினத்ததே. பக்கம் 1 ஆயின் மூலைவிட்டம் இரண்டின் வர்க்கமூலம்; அதுவும் பின்னமாகாது. சுல்ப சூத்திரக்காரர் அதற்கு 577/408 என்னும் நெருங்கிய மதிப்பைத் தந்தனர். ஆனால் ஒரு வேற்றுமையைக் கருத வேண்டும். மூலைவிட்டத்தை எண்ணால் எழுத முடியாவிடினும், கயிற்றால் பிடித்துவிடலாம்! மூலைக்கு மூலை கயிற்றை நீட்டினால் அதன் நீளம் ஐயமின்றி அதுவே. குண்டத்தின் பரப்பை இருமடங்காக்க வேண்டின், அக்கயிற்றைப் பக்கமாகக் கொண்டு சதுரம் இட்டால் பரப்பு 1152 ஆகிவிடும். எண் கைவிட்ட இடத்தில் கயிறு கைகொடுக்கின்றது. வட்டத்துக்கும் இவ்வாறு ஒரு கயிற்று வழி இருக்கக் கூடாதா? கிரேக்கரும் இதையே வினவினர். வட்டத்தைச் சதுரமாக்கும் பிரச்சினை என்று அதற்குப் பெயரிட்டுப் பல நூற்றாண்டுகள் உழன்றனர்.

நீலகண்டர் கருத்தைச் சொன்னாரே அன்றி அதற்கு நிரூபணம் எழுதவில்லை. பை ஒரு பின்னமாக இருக்க முடியாது என்று நிரூபித்தவர் யோஹான் ஹைன்ரிக் லாம்பெர்ட், ஆண்டு 1761. கயிற்று வழியைப் பற்றிய வினாவுக்கு மேலும் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1882-இல் ஜெர்மானியராகிய லிண்டமன், பை இன்னும் உயர்ந்த ஓர் இனத்தது என்று காட்டினார். இரண்டின் வர்க்கமூலம் பின்னமாகாவிடினும், ‘என்னை வர்க்கித்தால் 2’ என்னும் எளிய சமன்பாட்டுக்குக் கட்டுப்படுகின்றது. பையோ, முழு எண்களையும் வர்க்கம், கனம் முதலிய அடுக்குகளையும் கொண்டு எவ்வளவு நீளமான சமன்பாடு எழுதினாலும், அதற்கு விடையாக வந்து நிற்காது. இவற்றைக் கடந்த எண்கள் என்று சொல்லலாம். முளையும் கயிறும் கொண்டு நேர்கோடும் வட்டமும் இட்டுப் பெறத்தக்க நீளங்கள் யாவும் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுவனவே. ஆதலின் சதுரத்துக்கு முற்றும் சமமான வட்டத்தை அம்முறையில் இடுதல் எவராலும், எக்காலத்தும் இயலாது. மேற்குத் திக்கின் வட்டக் குண்டம் கிழக்குத் திக்கின் சதுரத்துக்கு ‘ஆஸன்ன’மாகவே இருக்கும். அது ஸ்தபதியின் குறையன்று, எண்ணின் இயல்பு.

இதன்பின் எஞ்சியது, எவ்வளவு அணுகலாம் என்ற கேள்வியே. அதில் தலைசிறந்து நின்றவர் கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்து, நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகப் போற்றிய ஸ்ரீநிவாஸ இராமானுஜன். 1914-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலுள்ள ஒரு தொடரைக்கொண்டு 1985-இல் கணிப்பொறி வாயிலாகப் பையின் 1.7 கோடிக்கு மேற்பட்ட தானங்கள் கணக்கிடப்பட்டன. அதன் வழியில் பிறந்த வேறொரு தொடரைக்கொண்டு 2024-இல் 200 இலட்சம் கோடித் தானங்களைக் கடந்தனர். மாதவரின் ஊஞ்சல் தொடரோடு ஒப்பிட்டால் இவற்றின் விரைவு வியப்பூட்டுவது.

ஆயினும் நம் குண்டத்துக்கு நெருங்கியது அவருடைய மற்றொரு சிறு கட்டுரை. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பல்கலைக்கழக உதவிச்சம்பளம் பெற்ற 1913-ஆம் ஆண்டில், இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் ‘வட்டத்தைச் சதுரமாக்கல்’ என்ற தலைப்பில் ஒரு பக்கக் குறிப்பொன்றை அவர் எழுதினார். சூ சோங்சியின் 355/113 என்னும் பின்னத்தை அடிப்படையாகக் கொண்டு, வட்டமும் நேர்கோடும் மட்டுமே இட்டு, வட்டத்துக்கு மிக மிக அணித்தான சதுரத்தைப் பெறும் வழி அது. வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுரமைலாக இருந்தாலும், சதுரத்தின் பக்கத்தில் நேரும் பிழை ஏறக்குறைய ஓர் இஞ்சே என்று அவர் கணக்கிட்டுக் குறித்துள்ளார். 24 அங்குலம் உள்ள யாகசாலைக் குண்டத்தில் அப்பிழை ஓர் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.